வல்லிபுரத்தார் எடுத்த இரண்டாவது கிளாஸ்

பகடையை உருட்டுவதற்கு முன் அதில் ஒருமுறை ஊதிக்கொள்ளும் என் கபிலனுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு மறுபடியும் தொடங்கிவிட்டது. ஷாமினி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வந்து கதை சொல்கிறாள். நானும் ஜூட்டும் பழையபடி எங்கள் பாத்திரங்களோடு அந்தக் கதைக்குள் நடக்கிறோம். இத்தனை வருடமும் தேநீரை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போன உன் தங்கை தர்ஷி, இப்போது எங்களோடு மேசையில் இருக்கிறாள். நம்புவாயா?

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வேறு ஆட்களும் இதை வாசிப்பார்கள். எங்கள் விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் உண்டு: போர்வீரன், மந்திரவாதி, திருடன், மருத்துவர். அதைத்தான் கிளாஸ் என்போம். ஒரே கிளாஸில் இருபது படியும் ஏறினால் உச்சியில் பெரிய வரமொன்று கிடைக்கும். நடுவில் வேறொன்றில் கால் வைத்தால் பலதும் கொஞ்சம் கொஞ்சம் கைவரும், உச்சி கிடைக்காது. நீ நான்கு வருடமும் போர்வீரன் மட்டும்தான். அந்த முரடனுக்கு, ஓய்வுபெற்ற தபாலதிபர் மாதிரி, வல்லிபுரத்தார் என்று பெயர் வைத்தாய். நான் பாதித் திருடன், கால் மந்திரவாதி, கால் மருத்துவன்.

வெளியிலும் அப்படித்தானே இருந்தோம்? நீ ஒரே அலுவலகத்தில் பதினாறு வருடம் கட்டடப் படம் வரைந்தாய். நான் கணக்கியலைப் பாதியில் விட்டேன், கணினியைப் பாதியில் விட்டேன், கலியாண வீடுகளில் படம் எடுத்தேன், அதையும் விட்டேன்.

அந்த ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். குகைக்குள் ஜூட்டின் பாத்திரம் விழுந்து கிடந்தது. என் கால்வாசி மருத்துவம் போதவில்லை. அது செத்துவிட்டது. மூன்று வருடம் வளர்த்த பாத்திரம். ஜூட் அதன் தாளை மடித்து வைத்தான். நீதான் சொன்னாய்.

"ஒண்டையும் முழுசாப் படிக்காதவன்ர கையில உயிரைக் குடுத்தா இப்பிடித்தான் நடக்கும்."

விளையாட்டைத்தான் சொன்னாய். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைதான் நான் அந்தப் படமெடுக்கும் வேலையையும் விட்டிருந்தேன். உனக்கு அது தெரியாது.

"நீ உறுதியானவன் இல்லையடா, பயந்தவன்," என்றேன். "எழும்பினா கதிரை போயிடும் எண்டு குந்திக்கொண்டிருக்கிறாய்."

உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். அதற்குப் பிறகு நீ மூன்று முறை அழைத்தாய். நான் ஒருமுறையும் எடுக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஷாமினி அழைத்தாள். "கபிலனுக்கு டெங்கு. வார்ட்ல வச்சிருக்காங்க. வந்து பாரு சுரேன்."

"சனிக்கிழமை வாறன்," என்றேன்.

வேலை இருந்தது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் முகத்தைப் பார்த்து முதலில் என்ன கதைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விடிய நீ போய்விட்டாய். கனத்தை மயானத்தில் எல்லாருக்கும் பின்னால் நின்றேன். உன் அம்மா என்னைக் கண்டு, "பிள்ளை, சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, தர்ஷி உன் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வல்லிபுரத்தாரின் தாள் மேலே இருந்தது. உன் பென்சில் எழுத்து: போர்வீரன் 18, மருத்துவர் 1.

பிழையாக எழுதிவிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பிழை இல்ல," என்றாள் ஷாமினி. "நீ போன பிறகு எங்களுக்கு மருத்துவரே இல்ல. கதையில வேற ஒரு ஆளைக் கொண்டுவாறேன்னு நான் சொன்னேன். கபிலன் வேணாம்னுட்டான். 'அது சுரேன்ர இடம். அவன் வருவான். அதுவரைக்கும் நான் பார்க்கிறன்'னான்."

"அவனுக்கு உச்சிக்கு இன்னும் ரெண்டு படிதானே இருந்தது?"

"நானும் அதைத்தான் கேட்டேன். சிரிச்சான். முதல் நாள் ஜூட்டோட புதுப் பாத்திரம் விழுந்தப்ப அதை எழுப்பவே படாத பாடு பட்டான். பிறகு, 'சுரேன் எப்பிடித்தான் மூண்டையும் வைச்சு ஓட்டினவனோ'ன்னான்."

நீ ஏன் அதை எனக்கு ஒரு செய்தியாகவாவது அனுப்பவில்லை? அனுப்பியிருந்தால் நான் வாசித்திருப்பேனா? தெரியவில்லை, மச்சான். நான் சொன்னது தப்பு. நீ பயந்தவன் இல்லை. தான் ஏறிய ஏணியை நேசித்தவன். எங்களுக்காக அதிலிருந்து இறங்கவும் தெரிந்தவன். ஆனால் நீ சொன்னதும் முழுக்கச் சரியில்லை, அதையும் கேள். இப்போது பேலியகொடையில் மீன் ஏற்றுமதி செய்கிற இடமொன்றில் வேலை செய்கிறேன். சிங்களத்தில் லொறிக்காரரோடு கதைக்க வேண்டும், கணினி பார்க்க வேண்டும், பெட்டிகளைப் படமெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். என் பாதிகள் எல்லாம் அங்கே ஒரே ஆளாகிவிட்டன. மீன் வாசம்தான் போகுதில்லை.

தர்ஷி முதல் நாள், "ஒரு கிளாஸோ, ரெண்டோ? எது நல்லம், சுரேன் அண்ணா?" என்று கேட்டாள். ஷாமினியும் ஜூட்டும் என்னையே பார்த்தார்கள்.

"முதல்ல உமக்குப் பிடிச்ச ஒண்டை எடும்," என்றேன். "போகப் போக ஆருக்கு என்ன தேவைப்படுது எண்டு பாப்பம்." அவள் திருடியாகத் தொடங்கியிருக்கிறாள். நன்றாகவே திருடுகிறாள்.

போன செவ்வாய் ஜூட் காய்ச்சல் என்று செய்தி போட்டான். வேலை முடிந்து நேரே நுகேகொடைக்குப் போனேன், இரண்டு தெம்பிலி இளநீரோடு. "வெறும் தடிமன்தான், உனக்கென்ன விசரா?" என்று கத்தினான். அவனை இழுத்துக்கொண்டு போய் இரத்தம் சோதிக்க வைத்தேன். முடிவுத் தாளையும் நானே வாங்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவனை வீட்டில் விட்டுவிட்டு, கீழே படிக்கட்டில் இருந்து அழுதேன்.

எனக்கு இனியும் கோபம் வரும், கபிலன். வாயும் அடங்காது. ஆனால் யாராவது நோயில் படுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், என்ன கதைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டேன். அந்தக் கோபத்தோடேயே போய்க் கட்டிலருகில் நிற்பேன். இது சத்தியம்.

என்றும் உன் மச்சான்,
சுரேன்