எண்ணெய் தடவிய கல்யாணப் படம்

என் புஷ்பத்துக்கு,

நீ இருக்கிற இடத்தில் நன்றாக இருப்பாய் என்று நம்பி, உன் வீட்டுக்காரன் எழுதுவது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். கோயில் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு வைத்தார்கள், போனேன். ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதுவதில் விரல் வலிக்கிறது, ஆனாலும் சிரிப்பாக வருகிறது. தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன காலத்தில் உனக்கு ஒரு வரி எழுதத் தெரியாதவன், இப்போது போய் எழுதுகிறேனே!

முதல் கடிதமே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லத்தான். நம் ஜெனியின் கல்யாண டிவிடி கெட்டுப்போனது. கெடுத்தவன் நான்.

உன் நினைவு நாளுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். பூசை முடிந்து, சாப்பாடும் ஆனது. டிவிடியின் மேல் எழுதியிருந்த பெயரை நான் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தேன். கைதட்டினார்கள். அந்தப் பெருமையோடு ஜெனியின் கம்ப்யூட்டரில் நானே போட்டேன். கொஞ்சம் ஓடியது, பிறகு விட்டு விட்டு ஓடியது. தாலி கட்டக் கையைத் தூக்கிய மருமகன் தூக்கினபடியே நின்றார். நீ வருகிற இடத்தில் உன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, படம் நின்றே போனது. நீ பேசுகிற படம் உலகத்தில் அது ஒன்றுதான். எடுத்துக்கொடுத்த ஸ்டுடியோவும் இப்போது இல்லை.

ஜெனி வேறு சாப்ட்வேரில் போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். வேறொரு டிவிடியைப் போட்டாள், அதுவும் திக்கியது. பிறகு நம் டிவிடியை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"யப்பா, இதுல என்னத்தத் தடவுனிய?"

"தேங்காண்ணெய்தான்ளா. உப்புக்காத்துல கெட்டுரக் கூடாதுல்லா?"

உனக்குத் தெரியும், நம் வீட்டில் பூட்டு, கத்தரி, உன் தையல் மெஷின் எல்லாம் எண்ணெயால்தான் பிழைத்தன. தோணியிலும் அப்படித்தான். பளபளவென்று இருக்கிறதே, இதுவும் தகரம்தான் என்று நினைத்துவிட்டேன். போன வருஷம் எல்லாரும் பார்த்து முடித்ததிலிருந்து மாதம் தவறாமல் தடவி, துண்டால் வட்டமாகத் தேய்த்து, உறையில் போட்டு வைத்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன், புஷ்பம்.

உன் தங்கச்சி பிலோமி விடுவாளா? "அக்கா இருந்தப்ப ஒரு நாளாவது அவ தலைக்கு எண்ணெய் தேச்சி விட்டியளா அத்தான்? இப்ப மாசாமாசம் குளிப்பாட்டுதியளாக்கும்!"

வீடே சிரித்தது. நான் எழுந்து போய், குழாயடியில் கை கழுவுகிறவன்போல் நின்றேன்.

ஜெனி டிவிடியை சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவினாள். "வட்டமாத் தேய்க்கக் கூடாதுப்பா, கீறலும் வட்டமா விழுந்துரும். நடுவுல இருந்து வெளிய நேராத் துடைக்கணும்" என்றாள். கம்ப்யூட்டருக்குள் டிவிடியைப் படிக்கிற கண்ணாடியிலும் எண்ணெய் ஏறிவிட்டதாம். அவள் வேலை பார்க்கிற துறைமுக ஏஜென்ட் ஆபீசிலிருந்து டிவிடி ஓட்டுகிற வேறொரு டிரைவை இரவல் வாங்கிவந்து, படத்தை ஓட்டாமல் மெதுவாக நகல் எடுத்தாள். நான் பக்கத்தில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். அது சுற்றுகிற சத்தம் நின்றால் எனக்கு மூச்சும் நின்றது.

தாலி கட்டியது வந்தது. கேக் வெட்டியது, நீ சேலையைச் சரிசெய்தது எல்லாம் வந்தன. நீ கேமராவைப் பார்த்துப் பேசுகிற இடம் மட்டும் வரவில்லை. கீறல் அங்கே ஆழம். நீ திரும்புகிறாய், படம் உறைந்து நிற்கிறது, அடுத்தது பந்தி.

அந்த இடத்தில் உன் குரல் யாருக்கும் கேட்டதில்லை, மேலே சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள். நீ பிள்ளைகளை ஆசீர்வதிக்கிறாய் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிவந்தேன். ஊருக்குப் போகாமல் தங்கியிருந்த பிலோமியிடமும், "அவ ஆசீர்வாதத்த அழிச்சிட்டேனே" என்று அழுதேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஆசீர்வாதமா? நான் பக்கத்துலதான நின்னேன். கேமராக்காரன்ட்ட சொல்லுதா, 'ஏலே, என் மூஞ்சிய எடுத்தது போதும், போய்ச் சாப்பிடு. அந்தா வாசல்ல நிக்காவல்லா எங்க வீட்டுக்காரவ, அவுகளையும் கூட்டிட்டுப் போ. காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல'ன்னு."

எத்தனை தடவை அந்த இடத்தைப் பார்த்திருப்பேன்? நீ என்னைத்தான் சொல்கிறாய் என்று எனக்கு ஏன் தெரியவில்லை? பிலோமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அந்தக் கேமராக்காரன் வந்து என்னைக் கூப்பிட்டானா? கூப்பிட்டிருந்தால், வேலை கிடக்கிறது என்று விரட்டியிருப்பேன்.

அடுத்த நினைவு நாளுக்கும் இந்தப் படத்தைப் போடுவோம். நீ திரும்பி, படம் உறைகிற இடத்தில் பாட்டும் இருக்காது. அப்போது நான் எழுந்து நின்று, நீ சொன்னதைத் தாளைப் பார்த்து எல்லாருக்கும் வாசிப்பேன். இப்போதே வாசித்துப் பழகுகிறேன். முடித்ததும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவேன். இது சத்தியம்.

வெட்கம் இன்னும் தீராத
உன் வீட்டுக்காரன்,
ஜெனியின் அப்பா,
சூசை