அவிழ்க்காமல் விட்ட பட்டை

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஒரு கீறலும் இல்லாமல் நன்றாக இருக்கிறோம், நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். மூன்று வாரமாக நீ கூப்பிடவில்லை, நான் கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். உன் போனால்தான் ஹெலிகாப்டர் அடிபட்டது என்று அப்பா உளறிவிட்டார் என்று இப்போதுதான் தெரிந்தது, அவர் வாயில் எதுதான் நின்றது? அரைகுறையாகக் கேட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே, நடந்ததை நானே சொல்கிறேன்.

எங்கள் தளத்தில் ஹெலிகாப்டர் சும்மா நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க, மேலே உள்ள இறக்கை ஒன்றை வாலோடு சேர்த்துப் பட்டையால் கட்டிவைப்போம். கிளம்பும் முன் சுற்றிவந்து பார்த்து அதை அவிழ்ப்பது என் வேலை. அன்றைக்கு வால்பக்கம் போகும்போதுதான் நீ கூப்பிட்டு, மருமகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேசி முடித்ததும் எல்லாம் பார்த்தாயிற்று என்ற நினைப்பில் முன்னால் போய் நின்று, பைலட்டுக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டேன். என்ஜின் இரைகிறது, இறக்கை சுற்றவில்லை. படாரென்று ஒரு சத்தம், பட்டை அறுந்து, வண்டி நின்ற இடத்திலேயே பாதி திரும்பிவிட்டது. நான் இரண்டு கையையும் ஆட்ட, பைலட் உடனே நிறுத்திவிட்டார். இறக்கை வளைந்தது, வால் நசுங்கியது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் போகவேண்டிய டாக்டர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்ததால் இன்னும் ஏறவேயில்லை, அந்த டீக்கு அவர் ஆயுசுக்கும் நன்றி சொல்லவேண்டும்.

விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். போன் பேசியதை யாரும் பார்க்கவில்லை, வாயைத் திறக்காதே என்று எங்கள் ஸ்டோர்காரர் காதைக் கடித்தார். இருபத்திரண்டு வருஷ வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் மறைத்தால் பழி முழுக்க பைலட் தலையில் விழுமே. "நான்தாங்க அவுக்கல. போன்ல பேசிட்டு மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்தால் பைலட் நிற்கிறார். அவரும் ஏறுவதற்கு முன் ஒரு சுற்று பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை என்று எனக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டாராம். "அக்கா பாத்திருப்பாங்கன்னு ஏறிட்டேன்க்கா" என்றார். பயமெல்லாம் போய் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

போன வாரம் அறிக்கை வந்தது. வேலை போகவில்லை, இரண்டு பேருக்கும் மறுபடி பயிற்சி, இந்த வயதில் பரீட்சை வேறு எழுதினேன், பைலட்டை விட இரண்டு மார்க் அதிகம். இனி அவிழ்த்த பட்டையை நான் தூக்கிக் காட்டினால்தான் பைலட் என்ஜினைத் தொடலாம். அறிக்கை பதினாறு பக்கம், ஒரு வரி விடாமல் படித்தேன், நீ எங்கேயும் இல்லை. வேலை நேரத்தில் போனை எடுத்தவள் நான், நீ நல்ல சேதி சொன்னாய், அவ்வளவுதான். அந்தச் சேதியை இன்னும் சரியாகக் கொண்டாடவே இல்லை நாம்.

இரண்டு பேரும் மனம்போல் வாழுங்கள், ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழாதீர்கள். ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, மருமகளையும் பக்கத்தில் உட்காரவை.

உன்னோடு பேசக் காத்திருக்கும்
அம்மா