மூன்று நீதிபதிகளுக்கும் ஒத்துவந்த நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கண் எப்படி இருக்கிறது? இதை வாசித்துக் காட்டும்போது தங்கை நடுவில் என்னைத் திட்டாமல் இருந்தால் போதும்.

தீர்ப்பாயத்தில் என் மூன்று நீதிபதிகளும் சேர்ந்து உட்கார நாள் பார்ப்பதற்குள் குமாஸ்தா எனக்குத் தாவு தீர்ந்துவிடுகிறது. நேற்று ஒரு வக்கீல் எழுந்து, "அம்மாவுக்கு ஆபரேஷன் ஐயா, வாய்தா வேணும்" என்றார். மூத்த நீதிபதி உருகிவிட்டார். "பெத்தவங்களைவிட கேஸா முக்கியம்? தாராளமாப் போங்க" என்று சொல்லி, என்னை வேறு தேதி பார்க்கச் சொன்னார்.

மூவருக்கும் ஒத்துவந்தது ஒரே நாள்தான். அது உன் கண் ஆபரேஷன் நாள். அதற்காக வாங்கியிருந்த லீவை ரத்து செய்துவிட்டு நானே அந்தத் தேதியைக் குறித்தேன். பிறகு மூத்த நீதிபதியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று காபியை உறிஞ்சினார். அந்த லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டதே அவர்தான்!

பயப்படாதே, தங்கை கூட இருப்பாள். உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, கம்ப்யூட்டரைத் தூசி படாமல் மூடத்தான். இதோ, ஐயா பெல் அடிக்கிறார், போக வேண்டும்.

நீயாவது டாக்டரிடம் ஒரு வாய்தா கேட்டுப் பாரேன், அம்மா.

உன் மகன்