வாண்டுவின் கால் அளவு

என் வாண்டுவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தைக்கு இருமல் விட்டதா? பொய் சொல்லாமல் எழுதுங்கள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. நோயாளிகளின் விவரங்களை அலசும் புள்ளியியல் மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றினேன். அதோடு சேர்த்துப் போடும் துணைத் தொகுப்புகள் எல்லாம் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டன. நான்தான் பெரிய கெட்டிக்காரியாயிற்றே! எண்பத்திரண்டையும் அப்படியே அள்ளி வந்து புதியதில் போட்டேன். பட்டியலில் பெயரெல்லாம் இருந்தது. கூப்பிட்டால் பாதிக்கு மேல் வர மாட்டேன் என்றன. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அதெல்லாம் பழசுக்குன்னு செஞ்சதும்மா. பேரை மட்டும் வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணையும் நெட்லேருந்து புதுசா இறக்குங்க."

ஒரு பகல் முழுக்க அதே வேலை. மற்றபடி ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

அவை இறங்கிக்கொண்டிருந்தபோது, வாண்டுவுக்கு வாங்கி இழுப்பறையில் வைத்திருக்கும் செருப்பை எடுத்துப் பார்த்தேன். நான் கிளம்பிய அன்று இருந்த அளவு அது. பதினாலு மாதம் ஆகிறது. போனில் அவள் முகத்தைத்தான் காட்டுகிறீர்கள், காலைக் காட்டுவதே இல்லை.

அவளை ஒரு தாளில் நிற்கவைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். படம் எடுத்து அனுப்ப வேண்டாம், அந்தத் தாளே வேண்டும். செருப்பு வாங்கத்தான்.

பஸ் வந்துவிட்டது. உடனே தபாலில் போடுங்கள். தாள் இங்கே வந்து சேர்வதற்குள் வளர்ந்துவிடப் போகிறாள்.

உங்கள்,
வாண்டுவின் அம்மா