காயாத பூச்சு

கார்த்திகை, வெள்ளி இரவு.

மடத்து மலக்குழியின் விரிசலை அடைத்து, உட்சுவருக்குக் காப்புப் பூச்சு அடித்த வாணியம்பாடி சலீம், "காயற வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி வுடாதீங்க சாமி" என்று நேற்று எச்சரித்துச் சென்றார். கழிப்பறையைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டேன்.

இன்று கண்ணமங்கலத்து அடியார்கள் ஜீப்புகளில் மலையேறி வந்து அமுது செய்தனர். ஒரு மூதாட்டி என் கையைப் பற்றி, "இன்னா சாமி, வயிறு நெறய சோறு போட்டுட்டுக் கதவப் பூட்டிக்கினா நாங்க எங்க போறது?" என்றார். விருந்தோம்பலே வேள்வி என்று அவர்களுக்கு ஓதியவனே நான்; மடியிலிருந்து சாவியை அவிழ்த்தேன். திறந்துவிட்டேன்.

மாலையில் திரும்பி வந்த சலீம் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "பூச்சு பூரா உரிஞ்சி தொங்குதுங்க. இனிமே கசிவு கீழ சுனைக்குத்தான் போவும்."

பெருமானின் திருமஞ்சனத்துக்கும் ஊரார் குடத்துக்கும் அந்தச் சுனை ஒன்றுதான். அருகில் வேறு நீர் இல்லை. விடியலில் முதல் குடம் முகப்பவன் நான்.