தூங்குமூஞ்சிச் சட்டி

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுத வரவில்லை. விருந்துக்கு மறுநாள் காலையில் நீ போன் செய்து, "என்னம்மா, அப்பா திரும்ப வேலைக்குப் போன விருந்து எப்படி, நான் அனுப்பின ஸ்லோ குக்கர் மானத்தக் காப்பாத்துச்சா" என்று கேட்டாய். நன்றாக இருந்தது என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன் என்று சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் உன் அத்தைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததையும், அவள் வயிற்றில் ஒரு பெல்ட்டைக் கட்டிக் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்ததையும் சொல்லவில்லை. அதே கறி எனக்கும் வயிற்றுக்கு ஆகவில்லை, அதையும் சொல்லவில்லை. உனக்குப் பரீட்சை நேரம், அங்கே தனியாக உட்கார்ந்து பயப்படுவாய் என்று நினைத்தேன். ஆனால் உன் மாமா, "நீ அனுப்பின மெஷின் என் குழந்தைக்கு எமனா வந்திருக்கு" என்று உனக்கே மெசேஜ் போட்டிருக்கிறார். நீ "எல்லாம் என்னாலதான்" என்று எனக்கு ஒரு வரி அனுப்பியதோடு சரி, அதற்குப் பிறகு நாங்கள் யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னால் இல்லை கண்ணு. பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

நீ அந்தக் குக்கரை அனுப்பியபோது அப்பா ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். அம்மா அச்சகத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் ஓடக்கூடாது என்றுதானே அனுப்பினாய். கரண்டில் பகலெல்லாம் மெல்ல வேகிறது என்று வந்த அன்றே அவர் அதற்குத் தூங்குமூஞ்சிச் சட்டி என்று பெயர் வைத்துவிட்டார், "இது வேகறதுக்குள்ள என் எலும்பே கூடிடும்" என்று கேலி வேறு. எங்கள் அச்சகத்துச் சாப்பாட்டு அறையில் அதைப் பற்றிச் சொன்னேன், அவ்வளவுதான், ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பைண்டிங் அக்காவுக்கு ஸ்லோ குக்கர் என்றால் உயிர், "காலையில கறியப் போட்டுட்டு வந்தா சாயங்காலம் எலும்பு தானா கழண்டு நிக்கும்டி, என் வீட்டுக்காரர்கூட இப்படி சொன்ன பேச்சு கேட்டதில்ல" என்றாள். கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. எதைப் போட்டாலும் ஒரே நிறம், ஒரே ருசி, வெங்காயம் வதங்குகிற சத்தம் கேட்காத சமையல் ஒரு சமையலா என்கிறார். டிசைன் பண்ணுகிற பெண் இருக்கிறாளே, அவள் போகும்போதும் வரும்போதும் மூடியைத் திறந்து திறந்து பார்த்து, ஒன்றையும் வேகவிடாமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டு, மெஷின் கோளாறு என்று கடைக்காரனோடு மல்லுக்கு நின்றவள். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எனக்கு அதன் ருசி பெரிய விஷயமாக இல்லை. நாளெல்லாம் அடுத்தவர்கள் எழுதியதில் எழுத்துப்பிழை தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பாடு தயாராக இருக்கும். ராச்சாப்பாடு வரைக்கும் என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்காக மட்டும் படிப்பேன். உனக்கு நான் நன்றி சொல்ல நினைத்தது அதற்காகத்தான்.

அப்பா கட்டுப் பிரித்து முதன்முதலாக வேலைக்குக் கிளம்பிய நாளில்தான் அத்தையையும் மாமாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். நான் காலையில் கறியும் உருளைக்கிழங்கும் போட்டு, மெதுவில் வைத்து, மூடிவிட்டு முதலில் இறங்கிவிட்டேன். சாயங்காலம் நான் வரும்போது அப்பா ரொம்ப முன்னமே வந்து, முகம் கழுவி, பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டியில் விளக்கு எரிந்தது, தொட்டால் சுட்டது, ராத்திரி சாப்பிட உட்காரும்போது கறியும் வெந்துதான் இருந்தது. அத்தை இத்தனை வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை, வாய்க்குப் பிடித்து அவள் எதையும் தின்றே பல நாளாயிற்று. அன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம், "பாத்தியா, தங்கச்சி தட்ட வழிச்சு வெச்சிட்டா" என்று என்னிடம் சைகை காட்டினார். விடிந்ததும் மாமா போன் செய்தார். அத்தைக்கு ராத்திரியெல்லாம் வாந்தியும் பேதியுமாம், எழுந்து நிற்க முடியவில்லையாம்.

டாக்டர் எங்களை உட்கார வைத்து, கறி பகலெல்லாம் சூடில்லாமல் கிடந்ததா என்று கேட்டார், அப்படிக் கெட்டுப்போனதைப் பிறகு வேகவைத்தாலும் விஷம் போகாதாம். இல்லை, காலையிலிருந்து சூட்டில்தான் இருந்தது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல், "வீட்ல ஆள் இல்லாம சமையல் நடக்குதாம், அம்மாவும் பொண்ணும் கண்டுபிடிச்ச அதிசயம்" என்றார். அப்பா அன்றே சட்டியை மேஜையில் கவிழ்த்துப் பிரித்துவிட்டார். மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டுப் பார்த்தார். வேலை முடிந்து வந்தால் தினமும் இதே வேலைதான். "ஒரு குத்தமும் இல்லியே இதுல" என்று சட்டியிடமே கேட்பார்.

போன வாரம் ஒரு நாள் எனக்கு அச்சகத்துக்கு மத்தியானம் போனால் போதும் என்றிருந்தது. சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா கருவிப் பையைத் தோளில் மாட்டினார், சமையலறை ஜன்னலைச் சாத்தினார், வாசலுக்குப் போனார். என் தலைக்கு மேல் ஃபேன் நின்றது. "என்னங்க, நான் வீட்லதான இருக்கேன்" என்றேன். நம் வீட்டுப் பழக்கம் உனக்கு நான் சொல்லவா வேண்டும். எலெக்ட்ரீஷியன் வீடு, கடைசியாக இறங்குகிறவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் பூட்ட வேண்டும், ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி லைன். நீகூடப் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஞாபகம் வந்து திரும்பி ஓடிவந்திருக்கிறாய். கால் கட்டோடு அவர் வீட்டிலேயே கிடந்த வாரங்களில் வீடு ஒரு நாளும் காலியாக இல்லை, மெயினைத் தொட வேலையும் வரவில்லை, சட்டியும் ஒழுங்காக வேலை செய்தது. நான் எட்டிப் பார்த்தேன். மேலே போன கை இன்னும் சுவிட்சிலேயே இருந்தது. அவர் பார்வை சமையலறை மேடையில் இருந்த சட்டிக்குப் போனது, நானும் அதைத்தான் பார்த்தேன். "அன்னிக்கும் இறக்கிட்டுத்தான் போனேன்" என்றார். செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பகல் முழுக்கக் கறி பச்சையாகக் கிடந்திருக்கிறது. அவர் வந்து மெயினை ஏற்றிய பிறகுதான் சட்டி சுட ஆரம்பித்திருக்கிறது. ஊரான் வீட்டு வயரில் எல்லாம் கோளாறு கண்டுபிடிக்கிற மனுஷன் இவர், ஒற்றை எழுத்து விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவள் நான். எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் அந்த சுவிட்ச் படவே இல்லை.

அத்தையைப் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், குழந்தையைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அப்பா தினமும் போய் அவள் பக்கத்தில் உட்காருகிறார், சொல்ல வாயெடுக்கிறார், திரும்பி வந்துவிடுகிறார். "புள்ள பொறக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார். நம் பெண் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள், நீங்கள் சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்லுவேன் என்று கல்யாணமானதிலிருந்து பேசாத குரலில் பேசிவிட்டேன். அப்பா முதலில் உனக்கு எழுதச் சொன்னார். "என் பேர மறைக்காத" என்றார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். அவர்மேல் கோபப்படு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கோபத்தைப் போனில் சொல், பேசாமல் இருக்காதே.

பரீட்சையை ஒழுங்காக எழுது. வெளியில் வாங்கிச் சாப்பிடுகிறாய் என்றால் சூடாகப் பார்த்து வாங்கு. நீ எதைத் தொட்டாலும் உனக்கு நல்லதாகவே முடிய வேண்டும், உன்னைக் குற்றம் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரக்கூடாது. இதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும். மறக்காமல் கம்பளி உறையைத் துவைத்து வெயிலில் போடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

பி.கு.: கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா போய் அத்தை, மாமா இரண்டு பேர் முன்னாலும் நின்று சொல்லிவிட்டார். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாமா எழுந்து அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நேற்று அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறையவில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், தானாகவே மூச்சு விடுகிறது. மாமா என்னை மட்டும் உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார். அப்பா வெளியே நின்றார்.