இடப்பக்கம் இழுக்கும் கார்

மே 19, திங்கள்

கார் இன்றைக்கும் இடப்பக்கம் இழுத்தது. வழக்கம்போல ஆறரைக்குத் தாராபுரத்தில் கைருன்னிசா ரீச்சரை ஏற்றிக்கொண்டு விடத்தல்தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி. கடலுக்கு நடுவே போகும் தாம்போதி றோட்டில் இரண்டு பக்கமும் தண்ணீர், துளிக் காற்றில்லை. ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தேன். கார் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போனது, தண்ணீருக்குள் நின்று யாரோ கயிறு போட்டு இழுக்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்து ரயர்களில் காற்றைப் பார்த்தேன். முன் இரண்டும் சமம்.

மே 21, புதன்

முன் ரயர்களை இடம் வலமாக மாற்றிப் பூட்டினேன். பிழை ரயரில் என்றால் இழுவை வலப்பக்கம் போக வேண்டும். போகவில்லை.

மே 24, சனி

தனஞ்சயனின் கராஜில் முழு நாளும். ஜாக்கி வைத்துத் தூக்கி, சில்லுகளைக் கையால் சுழற்றினான். இடப்பக்க பிரேக் இறுகி நிற்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். இல்லை, சில்லு லேசாகச் சுற்றியது. சூடும் இல்லை. கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாக ஆட்டிப் பார்த்தான். பிறகு சில்லுகளின் நேர் பார்க்கும் கடைக்கு அனுப்பினான். எல்லாம் அளவுக்குள் என்று கடதாசி தந்தார்கள். அந்தக் கடதாசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோட்டவெளிக்குத் திரும்பினேன். வழி முழுக்க இழுத்தது.

மனைவி அருள்நாயகி சொன்னாள்: "தில்லைநாதன் ஐயா உயிர் விட்ட கார். உங்களுக்கு அப்பவே சொன்னனான்."

உண்மைதான். முந்திய சொந்தக்காரர், பெருநிலத்தில் வயல் செய்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது முன் இடப்பக்க சீற்றில்தான் முடிந்தாராம். வாங்கி மூன்று வருடமாகிறது, அருள்நாயகி இன்னும் அந்த சீற்றில் இருந்ததில்லை. நான் சிரிப்பேன். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

மே 28, புதன்

பள்ளிக்கூட வாசலில் நானும் இறங்கி ரீச்சருக்குக் கொப்பிக் கட்டை எடுத்துக் கொடுத்தேன். "யாகப்பர் அண்ணன், மத்தச் செருப்பு எங்க?" என்று கேட்டா. குனிந்து பார்த்தால் இடக்காலில் செருப்பு இல்லை.

காருக்குள்ளும் இல்லை. வீட்டுப் படியில் கிடந்தது. அப்படியென்றால் இவ்வளவு தூரமும் வெறுங்காலால் கிளச் மிதித்திருக்கிறேன். எனக்கு ஏன் தெரியவில்லை?

ஜூன் 1, ஞாயிறு

பூசை முடிந்து சுவாமியார் காருக்குத் தீர்த்தம் தெளித்துச் செபித்தார். வரும் வழியில் பக்கத்து சீற்றில் ஆள் இருக்கிற மாதிரி ஒரு பாரம். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். ஆள் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நாலு கழுதைகள். நான் அவற்றை உரசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். நடு வெளியில், பட்டப்பகலில். அவை எப்போது வந்தன?

அருள்நாயகியிடம் சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்

இதை எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் தனஞ்சயன் தானே காரை எடுத்தான். தலைமன்னார் றோட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் இருந்து எடுத்தான். கார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

"அண்ணை, கார்ல ஒண்டும் இல்லை. இப்ப நீங்க ஓடுங்கோ, நான் பக்கத்தில இருக்கிறன்."

ஓட்டினேன். இழுத்தது. அவன் றோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடக்கையை மடியில வையுங்கோ." வைத்தேன். கார் நேரானது. "திரும்பப் பிடியுங்கோ." பிடித்தேன். ஓரத்துக்குப் போனது. மூன்று தரம் அப்படி.

காரை நிறுத்தச் சொன்னான். கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னே நீட்டச் சொன்னான். நீட்டினேன். "இப்ப திறவுங்கோ" என்றான். வலக்கை நீட்டியபடி நின்றது. இடக்கை மடியில் கிடந்தது. நான் இறக்கவில்லை. சத்தியமாக நான் இறக்கவில்லை. அது யாருடையதோ கை மாதிரி அங்கே கிடந்தது.

"அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த நேரம் டொக்டர் இப்பிடித்தான் பாத்தவர். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம், அண்ணை."

நாளைக்கு என்றேன். நாளைக்கு ரீச்சரின் பள்ளிக்கூடத்துக்கு வலயக் கல்விக் கந்தோரில் இருந்து பார்வையிட வருகிறார்கள், அவ பிந்த ஏலாது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினவன், ஒரு நாளைக்கு வலக்கை போதாதா?

ஜூன் 17, செவ்வாய், யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி

அடுத்த நாள் என்ன நடந்தது என்பதை ரீச்சர் சொல்லித்தான் அருள்நாயகிக்குத் தெரியும், அருள்நாயகி சொல்லித்தான் எனக்கு. தாம்போதியில் ரீச்சர் "அண்ணன், இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று கத்தியிருக்கிறா. எனக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருக்கவேயில்லை. கரைக் கட்டையை முறித்துக்கொண்டு நின்றதாம், முன் சில்லு தண்ணீருக்கு மேலே தொங்க. பின் சீற்றில் இருந்தவ ஊர்ந்து வலப்பக்கக் கதவால் இறங்கி, என்னையும் இழுத்து எடுத்தாவாம்.

பாரிசவாதம் இல்லையாம். மண்டைக்குள் மூளைக்கு மேலே பழைய இரத்தம் தேங்கி அழுத்தியிருக்கிறது. தலையில் அடிபட்டதா என்று டொக்டர் கேட்டார். சித்திரையில் டிக்கி மூடி இடித்தது, அதுவா? "அதுவே போதும்" என்றார். இரண்டு துளை போட்டு எடுத்துவிட்டார்கள். விரல்கள் அசைகின்றன. என் விரல்கள்தான்.

ஜூன் 29, ஞாயிறு

ரீச்சர் வீடு தேடி வந்தா. அன்னாசி கொண்டுவந்தா. "அல்லாஹ் காப்பாத்தினான், அண்ணன். தலைக்குள்ள வந்த வருத்தத்துக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றா. அருள்நாயகி தேத்தண்ணி கொடுத்தாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். தனஞ்சயன் யாருக்கும் சொல்ல மாட்டான். ஆனால் அவ என்மேல் ஒரு குற்றமும் வைக்காமல் பேசப் பேச, உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"எனக்கு முதல் நாளே தெரியும், ரீச்சர். கை சரியில்லை எண்டு தெரிஞ்சுதான் உங்களை ஏத்தினனான்."

குசினி வாசலில் நின்ற அருள்நாயகிக்கும் கேட்டது. ரீச்சர் கோப்பையைக் கீழே வைத்தா. என் இடக்கையைப் பார்த்தா.

"எனக்கு ரெண்டு புள்ளையள் இருக்கு, அண்ணன்."

எழுந்து போய்விட்டா.

ஜூலை 2, புதன்

அருள்நாயகி இன்னும் கதைக்கவில்லை.

பெப்ரவரி 9, திங்கள்

போன கிழமை டொக்டர் கார் ஓடலாம் என்று துண்டு தந்தார். சனிக்கிழமை தனஞ்சயன் பக்கத்தில் இருக்க, தலைமன்னார் வரை போய் வந்தோம். அவன் குறையொன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு ஆறரைக்குத் தாராபுரத்துக்குப் போனேன். ஏன் போனேன்? ரீச்சர் பஸ்ஸுக்கு நின்றா. நிறுத்தினேன். குனிந்து பார்த்தா, சுகம் விசாரித்தா, அருள்நாயகி அக்காவையும் கேட்டா. பின் கதவுப் பக்கம் ஒரு அடி வந்த மாதிரி இருந்தது.

"பஸ் வரும், அண்ணன். நீங்க போங்கோ."

கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் காரை விட்டு இறங்கி நின்றேன். பஸ் இன்றைக்கு இருபது நிமிடம் பிந்தித்தான் வந்தது. ஏறினா. கொப்பிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் இருந்தா.